எஸ்பிரஸ்ஸோ மெஷினுக்குப் பம்ப் மாற்றக் கொடுக்கிறீர்களா? வோல்ட் மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

அமெரிக்காவில் வாங்கிய எஸ்பிரஸ்ஸோ காபி மெஷினை 230 வோல்ட்டுக்கு மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் சர்வீஸ்காரர்களிடம் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். என் மெஷினில் பொருந்தாத பம்பைப் போட்டுவிட்டு, சரியான பம்புக்கான காசை வாங்கிக்கொண்டார்கள். சூடாகி நின்றுபோகிறது என்று திரும்பக் கொண்டுபோனால், பாதுகாப்புக்காக இருந்த தெர்மல் கட்-ஆஃபையே பிடுங்கிவிட்டு அனுப்பினார்கள். முதலாவதைக்கூட மன்னிக்கலாம். இரண்டாவது வீட்டுக்குத் தீ வைக்கிற வேலை.

மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. (மின்சாரம் ஒரு நொடியில் எத்தனை முறை முன்னும் பின்னும் அலைகிறது என்ற கணக்குத்தான் ஹெர்ட்ஸ்.) என் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஹீட்டர் எலிமென்ட், பம்ப், சோலனாய்டு வால்வின் (மின்காந்தத்தால் திறந்து மூடும் வால்வு) காயில், அதாவது கம்பிச் சுருள், ஆகிய மூன்றையும் மாற்ற வேண்டும் என்று பேசித்தான் கொடுத்தேன். 120 வோல்ட்டில் 1200 வாட் இழுக்கும் எலிமென்டை அப்படியே 230-இல் செருகினால் ஏறக்குறைய 4400 வாட் இழுக்கும். அதனால் அதை மாற்றாமல் ஒரு நிமிடம்கூட ஓட்ட முடியாது. எலிமென்டையும் வால்வு காயிலையும் சர்வீஸ்காரர் ஒழுங்காகவே மாற்றியிருந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். கை வைத்தது பம்பில்.

பில்லில் 'பம்ப், புதியது, 220 வோல்ட்' என்று இருந்தது. ஹெர்ட்ஸ் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கழற்றிய பழைய பம்பைக் கேட்டேன், குப்பையில் போட்டாச்சு என்றார்.

முதல் நாளிலிருந்தே சத்தம் சரியில்லை. சீரான உறுமலாக இல்லாமல் தடதடவென்று உள்ளே எதையோ போட்டு அடிப்பது போல இருந்தது. கேட்டதற்கு, "புது பம்ப் அப்படித்தான் சார், போகப் போக செட் ஆயிடும்" என்றார். செட் ஆகவில்லை. காலையில் முதல் ஷாட் (ஒரு சிறு கப் எஸ்பிரஸ்ஸோ) வந்துவிடும், அடுத்தது பாதியில் நின்றுவிடும். ஆறவிட்டால் மறுபடி ஓடும். இப்படி நின்று நின்று ஓடினால், பம்பில் பொருத்தியிருக்கும் தெர்மல் கட்-ஆஃப் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். பம்ப் அளவுக்கு மீறிச் சூடானால் அது இணைப்பைத் துண்டித்துவிடும்.

திரும்பக் கொடுத்தேன். அன்று மாலையே போன் வந்தது: "சரி பண்ணியாச்சு சார், இனிமே நிக்காது." உண்மைதான், நிற்கவில்லை. அப்புறம் ஒருநாள், காயில் கம்பியில் பூசியிருக்கும் வார்னிஷ் கருகும் வாடை வந்தது. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தால் கட்-ஆஃப் இருந்த இடத்தில் இரண்டு ஒயர்களை முறுக்கி டேப் சுற்றி வைத்திருந்தார். பம்பின் லேபிள் கண்ணில் படாதபடி உள்சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. திருகிப் பார்த்தேன்: 220 வோல்ட், 60 ஹெர்ட்ஸ்.

இப்படி ஒரு பம்ப் எதற்கு என்று கேட்பீர்கள். தென் கொரியா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் வோல்ட் 220, ஹெர்ட்ஸ் 60. அங்கே அது சரியான சாமான். 50 ஹெர்ட்ஸில் அது ஏன் பொருந்தாது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஏமாற்று முழுக்க அங்கேதான் ஒளிந்திருக்கிறது. வீட்டு மெஷின்களில் பெரும்பாலும் இருப்பது அதிர்வு பம்ப். உல்கா இபி5 என்று பார்த்திருப்பீர்களே, அந்த வகை. இதில் சுற்றும் மோட்டார் கிடையாது. உள்ளே ஒரு செம்புக் காயில், ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். மின்னோட்டத்தின் ஒவ்வொரு அலையிலும் ஒரு பாதியில் காயில் பிஸ்டனை இழுக்கும். மறுபாதியை, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு தடுத்துவிடுவதால் அப்போது ஸ்பிரிங் அதைத் திருப்பித் தள்ளும். அதாவது 60 ஹெர்ட்ஸில் நிமிடத்துக்கு 3600 அடி, 50 ஹெர்ட்ஸில் 3000. காயிலின் சுற்றும் ஸ்பிரிங்கின் விறைப்பும் அந்தத் தாளத்துக்கு ஏற்றபடிதான் அமைக்கப்படுகின்றன.

ஹெர்ட்ஸ் குறைந்தால் காயில் மின்னோட்டத்தைத் தடுக்கும் திறனும் குறையும். வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள்: 220-ஐ 60-ஆல் வகுத்தால் சுமார் 3.7, 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6. கால் பங்கு கூடுதல் சுமை. இரும்பு அவ்வளவு காந்தப் புலத்தைத் தாங்காமல் செறிவடைந்துவிட்டால் மின்னோட்டம் எகிறும், சூடோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். இந்த பம்புகள் சரியான மின்சாரத்திலேயே தொடர்ந்து ஓடச் செய்தவை அல்ல; 2 நிமிடம் ஓடினால் 1 நிமிடம் ஓய்வு என்று லேபிளிலேயே போட்டிருக்கும்.

பம்பைத் தூக்கிக்கொண்டு போய் மேஜையில் வைத்தேன். "220-னு போட்டிருக்கே சார், அப்புறம் என்ன?" என்றார். பக்கத்தில் இருந்த 60-ஐக் காட்டினேன். "அதெல்லாம் சும்மா போடுறது" என்றார். மல்டிமீட்டரை எடுத்து இரண்டு முனையிலும் வைத்து, பம்ப் நல்லாத்தான் இருக்கிறது என்று வேறு நிரூபிக்கப் பார்த்தார். உள்ளே டயோடு இருக்கும் பம்பில் சாதாரண ஓம் அளவு எதையும் நிரூபிக்காது, புத்தம்புதிய பம்பே இணைப்பு அறுந்தது போலக் காட்டக்கூடும். ஒரு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கொள்ளச் சொன்னார், அதையும் நம்பாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், 50 ஹெர்ட்ஸ் உள்ளே போனால் 50 ஹெர்ட்ஸ்தான் வெளியே வரும்.

ஆகவே, மாட்டுவதற்கு முன்பே பம்பின் லேபிளைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வோல்ட், ஹெர்ட்ஸ் இரண்டும் பில்லில் இருக்கட்டும். பழைய பம்பைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். மெஷின் திரும்பி வந்ததும் மூடியைத் திறந்து கட்-ஆஃப் பம்பின்மேல் ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். தொங்கவிட்டிருந்தால் இருந்தும் பயனில்லை.

வேறொருவர் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் பம்பும் புதுக் கட்-ஆஃபும் போட்டுக் கொடுத்தார். தடதடப்பு போய்விட்டது, அடுத்தடுத்து ஷாட் போட்டாலும் நிற்பதில்லை. பழைய ஆள் பணத்தைத் திருப்பித் தரவில்லை. பாதியாவது தருகிறேன் என்று ஒருமுறை போன் செய்தார், ஆனால் அந்த 60 ஹெர்ட்ஸ் பம்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன். "வேற ஒரு மெஷினுக்குப் போட்டுக்கலாம் சார்" என்றார். கொடுக்கவில்லை.