லாக்கர் பெயிண்ட், ஏர்பிரஷ், சென்னைப் புழுக்கம்: சில வருட அனுபவம்

பிளாஸ்டிக் மாடல் கட்டுபவர்களில், லாக்கருக்கு (தண்ணீரில் கரையாமல், காரமான தின்னரில் கரையும் பெயிண்ட்) மாறலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, "எந்த கம்பெனி பெயிண்ட் வாங்கலாம்?" என்றுதான். 1/48 அளவு விமான மாடல்களுக்கும் 1/35 அளவு டாங்கு மாடல்களுக்கும் சில வருடங்களாக ஏர்பிரஷில் (காற்றழுத்தத்தில் பெயிண்டைத் தூவும் சின்னக் கருவி) லாக்கர்தான் அடிக்கிறேன். என்னைக் கேட்டால் பெயிண்ட் இரண்டாம்பட்சம், அதைக் கரைக்கும் தின்னரை முதலில் பாருங்கள். ஜிஎஸ்ஐ கிரியோஸின் மிஸ்டர் கலர், தமியாவின் எல்பி வரிசை இரண்டுமே என் மேஜையில் இருக்கின்றன. இரண்டும் 10 மி.லி. புட்டிகள், இரண்டும் நல்ல சரக்கு. ஆனால் வேலையை நடத்துவது மிஸ்டர் லெவலிங் தின்னர்தான்.

சாதாரண லாக்கர் தின்னரோடு ரிடார்டர் கலந்தது இது. ரிடார்டர் உலர்வதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். அந்தக் கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் தானாகப் பரவி மட்டமாகிவிடும். சாதாரண தின்னரில் அடித்தால், துளிகள் பாதி வழியிலேயே உலர்ந்துபோய் மாடல் மேல் பொடிபோல உட்காரும். தடவிப் பார்த்தால் சொரசொரப்பு தெரியும். நம் ஊர் மே மாத வெயிலில் இது இன்னும் மோசம். தமியாவின் எக்ஸ், எக்ஸ்எஃப் அக்ரிலிக் புட்டிகளையும் இதே தின்னரில் கரைத்து அடிக்கலாம். அவற்றின் சொந்தத் தின்னரில் கரைத்ததைவிட வழவழப்பாக வருகிறது.

பெயிண்டைப் பால் பதத்துக்குக் கரைக்கச் சொல்வார்கள். லாக்கருக்கு அதைவிடத் தண்ணியாக இருக்கட்டும். நான் ஒரு பங்கு பெயிண்டுக்கு இரண்டு பங்கு தின்னர், 0.3 மி.மீ. நாசில் (பெயிண்ட் வெளிவரும் துளை), 12 முதல் 15 பிஎஸ்ஐ பிரஷரில் அடிக்கிறேன். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் பச்சை, பழுப்புத் திட்டுகளை டேப் இல்லாமல் கையாலேயே இழுக்க வேண்டுமென்றால், தின்னரை இன்னும் கூட்டிப் பிரஷரை 10-க்குக் கொண்டுவந்து, மாடலுக்கு மிக அருகில் போய் அடிப்பேன். தண்ணீர் கலந்த அக்ரிலிக்கில் இப்படி அடித்தால் ஏர்பிரஷுக்குள் இருக்கும் நீடிலின் (ஊசி) நுனியில் பெயிண்ட் காய்ந்து, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும். லாக்கரில் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. என்னை இந்தப் பக்கம் இழுத்ததே இதுதான்.

இனி புழுக்கம். தின்னர் ஆவியாகும்போது மாடலின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் அதிகமென்றால் அது அந்தக் குளிர்ந்த இடத்தில் படிந்து பெயிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும். பளபளவென்று வர வேண்டிய கறுப்பு சாம்பல் பூத்த மாதிரி வெளுத்துப்போகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னையில் கிளாஸ் கோட் (பளபளப்புப் பூச்சு) அடிக்க உட்கார்ந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பயப்பட வேண்டாம், சுரண்டவும் வேண்டாம். வெறும் லெவலிங் தின்னரை அதன் மேல் மெல்லிய தூறலாக அடியுங்கள். மேல்தோல் கரைந்து, ஈரம் வெளியேறி, நிறம் திரும்பிவிடும். காய்ந்த பிறகும் தன் தின்னரில் மறுபடி கரையும் குணம் லாக்கருக்கு இருப்பதால்தான் இது முடிகிறது. அடைமழை நாளில் நான் கிளாஸைத் தொடுவதே இல்லை, பளபளப்பில்லாத மேட் வேலையோடு நிறுத்திக்கொள்வேன். கம்ப்ரெசரில் ஈரம் பிடிக்கும் கிண்ணம் கட்டாயம் வேண்டும். மழைக்காலத்தில் அதில் தேங்கும் தண்ணீரைப் பார்த்தால் தெரியும், அது இல்லாவிட்டால் அத்தனையும் மாடல் மேல் வந்திருக்கும்.

லாக்கர் பிளாஸ்டிக்கை லேசாகக் கடித்துப் பிடித்துக்கொள்வதால் மாஸ்கிங் டேப்பைப் பிரிக்கும்போது பெயிண்ட் கூடவே உரிந்து வருவதில்லை. அடிப்பூச்சான மிஸ்டர் சர்ஃபேசர் 1500 அடித்தால் ஒரு மணி நேரத்தில் உப்புத்தாள் போடலாம், தூளாக வருமே தவிர ரப்பர் மாதிரி சுருளாது. மேலே எனாமல் வாஷ் (பள்ளங்களில் நிழல் காட்டத் தண்ணியாகக் கரைத்த எனாமல் பெயிண்ட்) ஊற்றி ஒயிட் ஸ்பிரிட்டால் துடைத்தாலும் அடியில் இருப்பது அசையாது. உலோக நிறங்களுக்கு வேறு போட்டியே இல்லை. பளபளக்கும் கறுப்பின் மேல் ஆல்கிளாட் என்ற உலோக நிற லாக்கரைக் குறைந்த பிரஷரில் மெல்ல மெல்ல ஏற்றினால், பெயிண்ட் அடிக்காத மிக்-21 உடம்பு நிஜத் தகடாகவே தெரியும். காக்பிட் கண்ணாடியில் மட்டும் கவனம். ஈரமாக அடித்தால் பொடிப்பொடி விரிசல் விழும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு நாற்றத்தைச் சொல்லாமல் விட்டால் பாவம். துணி மாஸ்க், என்95 எதுவும் இதற்கு உதவாது. அவை தூசியைத்தான் பிடிக்கும், ஆவியை விட்டுவிடும். தின்னர் ஆவியை உறிஞ்சும் ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் பொருத்திய அரைமுக மாஸ்க்தான் வேண்டும். நான் 3எம் 6000 வரிசையில் 6001 கார்ட்ரிட்ஜ் போடுகிறேன், மேலே தூசி ஃபில்டரும் உண்டு. மாஸ்க்குக்குள் வாசனை வந்தால் அந்தக் கார்ட்ரிட்ஜ் முடிந்தது. சும்மா வெளியே வைத்தாலும் அது காற்றிலிருப்பதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அதனால் வேலை முடிந்ததும் ஜிப் கவரில் போட்டு மூடிவிடுவேன். ஸ்ப்ரே பூத்தின் (ஆவியை ஃபேன் வைத்து இழுக்கும் பெட்டி) குழாய் ஜன்னலுக்கு வெளியே போக வேண்டும். ஃபில்டர் வழியாக அறைக்குள்ளேயே காற்றைத் திருப்பிவிடும் பூத்தை நான் நம்புவதில்லை. இது எளிதில் தீப்பிடிக்கும் பொருள். அதே அறையில் சாமி விளக்கோ பக்கத்தில் கேஸ் அடுப்போ எரிந்தால் வேலையே வேண்டாம். ஒரே அறையில் குழந்தையோடு குடியிருப்பவர் லாக்கர் பக்கம் போக வேண்டாம் என்பதே என் கருத்து. நல்ல தண்ணீர் அக்ரிலிக் இருக்கிறது, அதில் பிரமாதமாக அடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

ஏர்பிரஷ் வாங்கும்போது நீடில் பேக்கிங் (நீடிலைச் சுற்றி அடைக்கும் வளையம்) டெஃப்லானா என்று பாருங்கள். விலை குறைந்த சிலவற்றில் ரப்பர் வளையம் இருக்கும். அது தின்னரில் ஊறி உப்பி, நீடிலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கழுவுவதற்கு ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் போதும், விலையும் குறைவு. ஆனால் அதைப் பெயிண்டில் கலக்காதீர்கள். கடைக்குக் கடை சரக்கு மாறும், பிளாஸ்டிக்கைத் தின்னும் வேகமும் மாறும்.

பைலட் முகம், சீட் பெல்ட், டயல் எல்லாம் நான் இன்னும் தண்ணீர் அக்ரிலிக்கில் பிரஷால்தான் தீட்டுகிறேன். லாக்கரைப் பிரஷில் எடுத்தால் இரண்டாவது இழுப்பு முதல் இழுப்பைக் கரைத்துக் குழப்பிவிடும்.

ஆர்டர் போடும்போது பெயிண்டைவிடத் தின்னர்தான் சீக்கிரம் தீரும் என்பதை மனதில் வையுங்கள். லெவலிங் தின்னர் 110 மி.லி., 400 மி.லி. என இரண்டு அளவில் வருகிறது. பெரியதையே வாங்குங்கள். தீப்பிடிக்கும் சரக்கு என்பதால் விமானப் பார்சலில் எடுக்க மாட்டார்கள், தரைவழியாகத்தான் வரும். அரை பாட்டில் இருக்கும்போதே அடுத்ததைச் சொல்லிவைப்பது நல்லது.