அயனாவரம் மெடிக்கல்: கிட்னி மருந்து வாங்குபவர்களுக்காக

வீட்டில் கிட்னி நோயாளி இருந்தால் மருந்துக்கடையைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அயனாவரம் மார்க்கெட் பக்கம் நாங்கள் வாங்குகிற மெடிக்கல் சின்னக் கடைதான், வண்டி நிறுத்தக்கூட இடம் கிடையாது, ஆனால் சீட்டை முழுசாகப் படிக்காமல் அங்கே எதையும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு கால்சிட்ரியால் என்ற வைட்டமின் டி மருந்து 0.25 மைக்ரோகிராம் போய்க்கொண்டிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று வந்ததும், வாரம் ஒன்று 60,000 யூனிட் பவுடர் பாக்கெட் குடித்தால் சரியாகிவிடும் என்றார் சொந்தக்காரர் ஒருவர். வேறொரு கடையில் கேட்டதும் எடுத்து நீட்டினார்கள், யாருக்கு என்றுகூடக் கேட்கவில்லை. இந்தக் கடை அக்காவோ, "அம்மாவுக்கு ஏற்கெனவே கால்சிட்ரியால் போகுதே, இதையும் டாக்டர் எழுதினாரா? கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) எல்லாம் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டுவிட்டு, டாக்டரிடம் பேசிவிட்டு வரச் சொல்லிவிட்டார்.

அவர் கேட்டது ரொம்பச் சரி. வெயிலிலிருந்து கிடைக்கிற வைட்டமின் டி-யை முதலில் கல்லீரலும் அப்புறம் கிட்னியும் மாற்றிக் கொடுத்தால்தான் அது உடம்பில் வேலை செய்யும். கிட்னி தளர்ந்தால் அந்தக் கடைசி மாற்றம் குறைந்துபோகும், அதனால் சென்னை வெயிலில் எவ்வளவு நின்றாலும் அது மட்டும் போதாது. பாஸ்பரஸ் ஏறும், கால்சியம் இறங்கும், கழுத்திலிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். கால்சிட்ரியால் என்பது கிட்னி மாற்றித் தர வேண்டிய அந்த வடிவமேதான். பாக்கெட்டில் இருப்பது இன்னும் மாற வேண்டியது. சிலருக்கு டாக்டரே இரண்டையும் எழுதுவார், அது வேறு. நாமாகச் சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் கால்சியம் எகிறி வாந்தி, மலச்சிக்கல், மனக்குழப்பம் வரை போகலாம்.

எனக்கு இன்னொன்றும் பிடித்தது: அட்டையை வெட்டிக் கொடுத்தாலும் காலாவதி தேதி இருக்கிற பக்கம் நம்மிடம் வருகிற மாதிரி வெட்டுவார்கள். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை அட்டையின் மேல் மார்க்கர் பேனாவால் 'சாப்பாட்டோடு' என்று பெரிசாக எழுதித் தருவார்கள், வெறும் வயிற்றில் போட்டால் அது சாப்பாட்டில் இருக்கிற பாஸ்பரஸைப் பிடிக்காது. கண் மங்கலான அம்மாவே அதைப் படித்துவிடுகிறார்.

விலையில் ஆப்களில் கிடைக்கிற தள்ளுபடி இங்கே இல்லை. ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை மூடிவிடும், பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் செவெலமர் மாத்திரை வேண்டுமென்றால் முதல் நாளே போன் பண்ணிச் சொல்லி வைத்துவிடுங்கள்.