நீட்டி எழுதினால் வலுவா, வெட்டி எழுதினால் வலுவா? ஒரு யானைவேலி மனுவை வைத்து ஓர் அலசல்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கம் ஊருக்கு ஒருவராவது மனு எழுதிக்கொடுக்கிறவர் இருப்பார். எங்கள் ஊரில் அந்த வேலை பல வருசமாக என்னிடம்தான். போன மாரியில் யானைவேலி கேட்டு முதலில் நான் எழுதியது இது:

“எமது கிராமத்தினுள் யானைகள் புகுந்து வேளாண்மையை அழித்ததுடன் இரண்டு வீடுகளும் சேதமடைந்துள்ளதால் மக்கள் இரவில் உறக்கமின்றிச் சிரமப்படுவதைக் கருத்திற்கொண்டு யானைவேலி அமைத்துத் தர ஆவன செய்யுமாறு தயவாய்க் கேட்டுக்கொள்கிறோம்.”

கையொப்பம் வைக்க வந்த பெரியவர் ஒருவர் வாசிக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “எல்லாம் சரி மகன். என்ன கேக்கிறாய் எண்டு மட்டும் விளங்கல்ல.”

அவர் சொன்னது நியாயம். தமிழில் வினைமுற்று கடைசியில்தான் வரும். காரணம் எல்லாவற்றையும் கோத்து முடித்த பிறகுதான் கோரிக்கை தலைகாட்டும். வாசிக்கிறவர் ஒரு நாளைக்கு எத்தனையோ கடிதம் பார்க்கிறவர் என்றால், பாதி வழியிலேயே கவனம் கழன்றுவிடும். பவணந்தி முனிவர் நன்னூலில் சொன்ன பத்துக் குற்றங்களில் ‘சென்று தேய்ந்து இறுதல்’ என்று ஒன்று உண்டு. போகப்போகச் சொல்லும் பொருளும் மெலிந்துபோவது. என்னுடைய வாக்கியம் அதற்கு நல்ல உதாரணம்.

மற்ற வழி, வெட்டி எழுதுவது. “ஐயா, எங்கள் ஊருக்கு யானைவேலி வேண்டும். போன பெரும்போகத்தில் யானை ஆறு தடவை ஊருக்குள் வந்தது. இரண்டு வீட்டுச் சுவர் விழுந்தது.” (பெரும்போகம் என்றால் மாரிகால நெற்செய்கை.) கேட்பது முதல் வரியிலேயே வந்துவிட்டது. எண்ணிக்கை தனி வரியில் நிற்பதால் கண்ணில் படுகிறது.

அப்படியென்றால் குட்டை வாக்கியம்தான் எப்போதும் மேலா? அங்கேதான் நான் மாறுபடுகிறேன். இதைப் பாருங்கள்:

“மழையை நம்பி விதைத்து, பசளைக்குக் கடன்பட்டு, களை பிடுங்கி, கதிர் முற்றுமட்டும் வாடியில் கண்விழித்துக் கிடந்து, அறுக்கப்போன அன்று மிதிபட்ட வைக்கோலைத்தான் கண்டோம்.”

(வாடி என்றால் வயல் காவல் குடிசை.) இதை “விதைத்தோம். கடன்பட்டோம். களை பிடுங்கினோம்” என்று நறுக்கினால் கணக்குப்புத்தகம் மாதிரி ஆகிவிடும். ஆறு மாதப் பாட்டை ஒரே மூச்சில் சுமக்க வைத்து, கடைசிச் சொல்லில் இறக்கிவைக்கிறது அந்த நீளம். முதல் மனு நொண்டியதற்கும் இது ஓடுவதற்கும் காரணம் இலக்கணத்திலேயே இருக்கிறது. ‘விதைத்து’, ‘பிடுங்கி’, ‘கிடந்து’ என்ற எச்சங்கள் எல்லாவற்றுக்கும் எழுவாய் ஒன்றுதான்: நாங்கள். முதல் மனுவிலோ யானை, வீடு, மக்கள், பிறகு கேட்டுக்கொள்கிற நாங்கள் என்று எழுவாய் தாவிக்கொண்டே போகிறது. எழுவாய் மாறுகிற இடத்தில் வாக்கியத்தை முடித்துவிடுங்கள். மாறாதவரை நீட்டலாம்.

அடுத்தது கேள்வி. “நாங்கள் மனிசர் இல்லையா? எங்கள் உயிருக்குப் பெறுமதி இல்லையா?” என்று ஐந்து கேள்வியை அடுக்கச் சொல்லி இளைஞர்கள் நின்றார்கள். கூட்டத்தில் பேசும்போது அது எடுபடும், ஏனென்றால் கூட்டமே “இருக்கு!” என்று பதில் சொல்லும். தாளில் பதில் சொல்ல ஆள் இல்லை. வாசிக்கிற அதிகாரிக்குத் தன்னைக் குற்றம் சொல்வதாகத்தான் படும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் ‘வெள்ளைநிற மல்லிகையோ’ என்ற பாட்டில் மூன்று கேள்வி கேட்கிறார். ஆனால் விட்டுவிட்டுப் போகவில்லை. இது இல்லை, அதுவும் இல்லை என்று விலக்கி, உள்ளக் கமலம் என்று தானே விடையைத் தருகிறார். அதனால் நான் ஒரே ஒரு கேள்வி வைத்தேன்: “பிள்ளைகள் விடியற்காலை வகுப்புக்கு எந்த வழியால் போவது? இருப்பது இந்த ஒரு வழிதான். யானை வருவதும் அதே வழியால்தான்.”

திரும்பச் சொல்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூறியது கூறல் நன்னூலில் குற்றம். அதே சொல் அதே பொருளில் வந்து வந்து அழகு சேர்த்தால், அணிகளைச் சொல்லும் தண்டியலங்காரத்தில் அது சொற்பொருள் பின்வருநிலையணி. சொல்வன்மை அதிகாரத்தில் ஒரு குறளுக்குள் ‘சொல்’ ஐந்து தடவை வருகிறது, எங்கும் உறுத்தாது. மனுவில் “யானைவேலி” என்ற சொல்லை மாற்றாமல் மூன்று இடத்தில் வைத்தேன். “மேற்படி விடயம்” என்று எழுதியிருந்தால் கோரிக்கை மறைந்துபோயிருக்கும்.

“அமைக்கப்பட வேண்டும்” என்பதையும் அடித்தேன். யார் அமைப்பது என்பதை அது சொல்வதில்லை. “அமைத்துத் தாருங்கள்” என்றால் ஒருவரைப் பார்த்துக் கேட்பதாக இருக்கும். அதில் மரியாதையும் குறையவில்லை.

திருத்தியதை அந்தப் பெரியவருக்கே முதலில் வாசித்தேன். வைக்கோல் வரி வந்ததும் கையைக் காட்டி நிறுத்தி, “அதை இன்னொருக்காப் படி” என்றார். பிறகு பேனையை வாங்கினார்.

ஊராரைக் கூப்பிட எழுதிய துண்டில் அணி எதுவும் வைக்கவில்லை: “ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்குக் கோயிலடிக்கு வாருங்கள். யானைவேலி மனுவுக்குக் கையொப்பம் வேண்டும். அடையாள அட்டையைக் கொண்டுவாருங்கள்.”