எல்இடி கிட் வாங்கினால் ரெசிஸ்டரின் மூன்றாவது பட்டையை முதலில் பாருங்கள்

எலக்ட்ரானிக்ஸ் பழக வேண்டும் என்ற ஆசையில், புதிதாகக் கற்பவர்களுக்கென்று விற்கப்பட்ட ஒரு கிட்டை ஆன்லைனில் வாங்கினேன். பிரெட்போர்டு (பாகங்களைச் சொருகி இணைக்கும் துளைப் பலகை), 9 வோல்ட் பேட்டரிக்கான கிளிப், பல நிற எல்இடிகள், '470 ஓம்' என்று எழுதிய ஒரு பொட்டலம் ரெசிஸ்டர் (கரண்டைக் கட்டுப்படுத்தும் சின்னப் பாகம், ஓம் என்பது அதன் அளவு), ஒரு செய்முறைத் தாள். அவ்வளவுதான். வேறு யாரும் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

தாளில் இருந்தபடியே ஒரு ரெசிஸ்டரோடு சிவப்பு எல்இடியைச் சொருகினேன். நீளமான கால் பாசிட்டிவ் பக்கம், குட்டைக் கால் நெகட்டிவ் பக்கம். பேட்டரியை மாட்டியதும் கண் கூசும் அளவுக்கு எரிந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நேரத்தில் சிவப்பு ஆரஞ்சாக வெளிறியது, லேசாகக் கருகல் வாடை வந்தது, அப்புறம் அணைந்தே போய்விட்டது. இன்னொன்றை மாட்டினேன், அதுவும் அப்படியே. ஆறு எல்இடி போயின. என் கைதான் சரியில்லை என்று மூன்று நாள் ஒவ்வொரு வயரையும் பிடுங்கிப் பிடுங்கித் திரும்பச் சொருகிக்கொண்டிருந்தேன்.

விற்றவருக்கு எழுதினேன். "கால்களை மாற்றிச் சொருகியிருப்பீர்கள், அதனால்தான் கருகியது" என்று பதில் வந்தது. விஷயம் தெரிந்தவர் சொல்கிறார் என்று நம்பிவிட்டேன். ஆனால் மாற்றிச் சொருகிய எல்இடி எரியவே எரியாது. என்னுடையவை நன்றாக எரிந்துவிட்டு அல்லவா செத்தன? அந்தக் கேள்வி எனக்கு அன்று தோன்றவில்லை.

கடைசியில் ஒரு நண்பர் மல்டிமீட்டர் கொண்டுவந்து ரெசிஸ்டரை அளந்தார். 46.9 என்று காட்டியது. இன்னொன்று, 47.1. பொட்டலம் முழுக்க 47 ஓம். ரெசிஸ்டரின் மதிப்பை அதன் மேலுள்ள நிறப் பட்டைகளே சொல்லும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பட்டைகள் மஞ்சள், ஊதா, கறுப்பு, தங்கம். 470 ஓம் என்றால் மூன்றாவது பட்டை பழுப்பாக இருக்க வேண்டும். பழுப்பும் கறுப்பும் மங்கிய வெளிச்சத்தில் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. புதிதாக வருபவருக்கு அப்படி ஒன்றைப் பார்க்க வேண்டும் என்றே தெரியாது.

இதில் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். சிவப்பு எல்இடி தனக்கு ஏறத்தாழ 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். 9 வோல்ட்டில் மிச்சம் 7 வோல்ட்டும் ரெசிஸ்டர் தலையில்தான் விழும். 7-ஐ 470-ஆல் வகுத்தால் சுமார் 15 மில்லி ஆம்பியர். சாதாரண 5 மில்லிமீட்டர் எல்இடி 20 வரை தாங்கும், ஆகவே நிம்மதி. அதே 7-ஐ 47-ஆல் வகுத்துப் பாருங்கள், 150-க்கு அருகே வரும். எல்இடிக்குத் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரியாது. வோல்டேஜ் கொஞ்சம் கூடினாலே கரண்ட் பல மடங்கு ஏறிவிடும். அதைப் பிடித்து நிறுத்துவது ரெசிஸ்டர் ஒன்றுதான், அதையே தப்பாகக் கொடுத்திருக்கிறார்கள்.

தாளிலும் கோளாறு. இரண்டாவது சர்க்யூட்டில் சிவப்பையும் நீலத்தையும் பக்கத்துப் பக்கமாக (பேரலலாக) இணைத்து, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் போடச் சொல்கிறது. நீலம் எரிய 3 வோல்ட்டாவது வேண்டும். சிவப்போ 2 வோல்ட்டிலேயே கரண்டை இழுத்துக்கொள்ளும். நீலம் எரியாது, கற்பவர் அதைப் பழுது என்று தூக்கிப் போடுவார். ஒவ்வொரு எல்இடிக்கும் தனி ரெசிஸ்டர் கொடுத்தால் இரண்டும் எரியும். கரண்ட் எப்படிப் பிரிகிறது என்பதைக் கற்றுத்தர வேண்டிய படமே தப்பு என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

நீங்கள் வாங்கியிருந்தால் பேட்டரியை மாட்டுவதற்கு முன் ரெசிஸ்டரை அளந்துவிடுங்கள். மீட்டர் இல்லையென்றால் நல்ல வெளிச்சத்தில் பட்டைகளைப் பாருங்கள். சந்தேகமாக இருந்தால் அதிக ஓம் உள்ளதைப் போடுங்கள், 1000 ஓம் போட்டாலும் சிவப்பு எல்இடி தெளிவாகவே எரியும். ஏற்கெனவே 47 ஓம் வந்துவிட்டதென்றால் பத்தை வரிசையாகக் கோத்தால் 470 ஆகிவிடும். நான் அப்படித்தான் கோத்து, மிச்சமிருந்த ஒரு சிவப்பு எல்இடியை எரியவிட்டேன். ஒரு மணி நேரம் நிறம் மாறாமல் எரிந்தது.

மீட்டர் காட்டிய எண்ணைப் படமெடுத்து விற்றவருக்கு அனுப்பினேன். பதில் இல்லை. கிட் இன்னும் அதே தாளோடு விற்பனையில் இருக்கிறது.