சேர்ந்து வாழச் சொல்லவில்லை, பிரிந்து வரவும் சொல்லவில்லை: ஒரு பெண்கள் உதவி அமைப்பைப் பற்றி

அமைப்பின் பெயரையும் ஊரையும் எழுதப் போவதில்லை. தென் மாவட்டம் ஒன்றில் குடும்ப வன்முறையில் சிக்கிய பெண்களுக்காக வேலை செய்யும் சின்னத் தொண்டு நிறுவனம், அவ்வளவு போதும். அங்கே தங்கியிருக்கும் பெண்களைத் தேடிக்கொண்டு புருஷன் வீட்டு ஆட்கள் வந்துவிடக் கூடாது என்பதால் காப்பகத்தின் முகவரியை அவர்களே வெளியே சொல்வதில்லை. நான் போனது என் பெரியம்மா மகளோடு. அக்கா என்று மட்டும் இங்கே குறிப்பிடுகிறேன். அவள் படித்துப் பார்த்து, சரி போடு என்று சொன்ன பிறகுதான் இதை வெளியிடுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நம்பிப் போகலாம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன். குறைந்த அந்த ஒன்று எதற்கு என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன்.

அங்கே போவதற்கு முன்னால் நாங்கள் போனது மகளிர் காவல் நிலையத்துக்கு. பெண்கள் தயங்காமல் வந்து புகார் கொடுக்க வேண்டும் என்றுதான் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் திறந்தார்கள். பல இடங்களில் நல்ல அதிகாரிகள் இருக்கிறார்கள், அவர்களால் பிழைத்த பெண்களை எனக்கே தெரியும். ஆனால் நாங்கள் போன நிலையத்தில் மாமாவையும், அதாவது அக்காவின் கணவரையும், வரவழைத்து, இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்து, குழந்தை முகத்தைப் பாருங்க, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க என்று பேசி, இனிமேல் அடிக்க மாட்டேன் என்று அவரிடம் எழுதி வாங்கி, ஒரே வண்டியில் வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். அடித்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடி வாங்கியவளிடம் என்ன நடந்தது என்று கேட்டால் அவள் எதைச் சொல்வாள்? அன்று ராத்திரி, என்னை ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துட்டியா என்று அதற்கும் சேர்த்து வாங்கினாள்.

சொந்தக்காரர்கள் பேசியதும் இதே ரகம்தான். அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஒரு அத்தை சொன்னார். விட்டுட்டு வந்துரு, நாங்க பாத்துக்கறோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். எங்கே தங்குவது, குழந்தையை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என்று கேட்டதும் அவர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள்.

இந்த அமைப்பைப் பற்றி அக்காவோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர்தான் சொன்னார். ஒரு மாடியில் இரண்டு அறை, ஒரு வராண்டா, அதுதான் அலுவலகம். உள்ளே போனதும் முதலில் என்னைத்தான் பிரித்தார்கள். கூட வந்தவங்க வெளிய இருங்கம்மா, அவங்க கூப்பிட்டா வாங்க என்று அங்கே ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் மென்மையாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு முதலில் ஒரு மாதிரி இருந்தது, கூட வந்த என்னையே வெளியே உட்கார வைக்கிறார்களே என்று. காரணத்தை அப்புறம் அவரே விளக்கினார். கூட வருவது அம்மாவாக இருந்தாலும் தங்கையாக இருந்தாலும், அவர்கள் மனசு கஷ்டப்படும் என்றோ வீட்டுக்குப் போனதும் பேச்சு வரும் என்றோ பெண்கள் பாதியை முழுங்கிவிடுவார்களாம். குழந்தைக்கு வராண்டாவில் ஒரு பாயும் வரைய கிரேயானும் கொடுத்தார்கள், உள்ளே பேசுவது அவன் காதில் விழாத தூரத்தில்.

உள்ளே என்ன கேட்டார்கள் என்பதை அக்கா பிறகு சொன்னாள். ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டிருக்கிறார்கள். கொன்னுடுவேன்னு சொல்லியிருக்காரா, வீட்டுல அரிவாள் மாதிரி ஏதாவது எடுத்திருக்காரா, எங்க போனாலும் வேவு பார்ப்பாரா, மாசமா இருந்தப்ப அடிச்சாரா, கழுத்தை நெரிச்சிருக்காரா. கடைசிக் கேள்விக்கு அக்கா ஆமாம் என்று சொல்லியிருக்கிறாள். அதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும் இல்லை. உடனே கவுன்சிலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எப்போது, எத்தனை தடவை, கண் இருட்டியதா, முழுங்கும்போது வலி இருக்கிறதா, குரல் மாறியதா என்று கேட்டு, மற்ற கேள்வியெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கே ஒரு ஊழியரைக் கூட்டி ஜிஎச்சுக்கு அனுப்பினார். கழுத்தை நெரித்தால் வெளியே தடம் தெரியாமலே உள்ளே காயம் இருக்கலாம், சில நாள் கழித்துக்கூட வீக்கம் வரலாம். ஒரு முறை கழுத்தில் கை வைத்தவனால் பின்னால் உயிர் போகும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்கும் இடத்துக்கும், அனுசரிச்சுப் போங்க என்று சொல்லும் இடத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு பெண்ணின் உயிர்.

ஜிஎச்சில் ஏ.ஆர்., அதாவது காயத்தைப் பதிவு செய்யும் விபத்துப் பதிவேடு, போட வேண்டும், கீழே விழுந்துட்டேன்னு சொல்லாதீங்க, யார் அடிச்சது எதால அடிச்சதுன்னு உள்ளபடி சொல்லுங்க என்று போகும் வழியிலேயே அந்த ஊழியர் சொல்லிக் கொடுத்தார். ஸ்டேஷனில் புகார் கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினீர்களா என்று கேட்டார். நாங்கள் வாங்கவில்லை, அப்படி ஒன்று கேட்டு வாங்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது. மறுபடி அவர்களே கூட வந்து, வாதாடாமல் கத்தாமல், ரசீது வரும் வரைக்கும் அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வந்தது.

அப்புறம் அறிக்கை. 2005-ல் நிறைவேறி 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், பதிவு பெற்ற தொண்டு நிறுவனங்களே சேவை வழங்குநராக இருந்து குடும்ப வன்முறை அறிக்கையைத் தயார் செய்து மாஜிஸ்திரேட்டுக்கும் பாதுகாப்பு அலுவலருக்கும் அனுப்ப வழி இருக்கிறது. இவர்கள் அப்படிப் பதிவு செய்தவர்கள். அந்த அறிக்கையை எழுத ஒரு மதியம் முழுக்க ஆனது. ஏன் என்றால் அக்கா முதலில் சொன்னது, ரொம்ப சித்ரவதை பண்ணுவார் மேடம் என்று ஒரே வரி. கவுன்சிலர் அதை எழுதவில்லை. எந்த நாள், எந்த இடம், கையில் என்ன இருந்தது, யார் பார்த்தது என்று மெதுவாகக் கேட்டுக் கேட்டு, தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி, சமையல்கட்டில், குக்கர் மூடியால் இடது தோளில், மாமியார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என்று அக்கா சொன்ன சொல்லிலேயே எழுதி, திரும்ப வாசித்துக் காட்டி, இது சரியா, வேற மாதிரி சொல்லணுமா என்று கேட்டு, அப்புறம்தான் கையெழுத்து வாங்கினார். நடுவில் அக்கா அழுதபோது அவசரப்படுத்தவில்லை, தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

அடித்தால் மட்டும்தான் கேஸ் என்று அக்கா நினைத்திருந்தாள். அவள் தனியார் பள்ளியில் டீச்சர், சம்பளம் வந்ததும் ஏடிஎம் கார்டு மாமியார் கைக்குப் போய்விடும், பஸ்ஸுக்குக்கூடக் கேட்டு வாங்க வேண்டும். பொருளாதார ரீதியான கொடுமை, வாயால் கேவலப்படுத்துவது, படுக்கையில் கட்டாயப்படுத்துவது எல்லாமே அந்தச் சட்டத்தில் வன்முறைதான் என்று அங்கே கேட்டபோதுதான் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வீடு மாமனார் பெயரில் இருக்கிறது, உனக்கு அங்கே ஒரு உரிமையும் இல்லை என்று எல்லோரும் மிரட்டி வைத்திருந்தார்கள். 2020-ல் உச்ச நீதிமன்றம் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில், கணவனோடு குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனார் பெயரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையைப் பெண் கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறது. சொத்தில் பங்கு என்று அர்த்தம் இல்லை, நினைத்த நேரத்தில் தெருவில் தள்ள முடியாது என்றுதான் அர்த்தம், இந்த வித்தியாசத்தையும் விளக்கிச் சொன்னார்கள். வக்கீல் செலவுக்குப் பயந்தோம். வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எந்தப் பெண்ணுக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் உண்டு, மனு எழுதவும் அவர்களே உதவினார்கள்.

ஆசை காட்டவும் இல்லை. மனு போட்டால் மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனா மாசக்கணக்கா இழுக்கும்மா, வாய்தா வாங்கிட்டே போவாங்க, இடைக்கால உத்தரவை முதல்ல வாங்குவோம், மனசைத் தயார் பண்ணிக்கோங்க என்று வக்கீல் நேராகவே சொன்னார். சொன்னபடிதான் நடந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் நான் மிகவும் மதிப்பது ஒன்றை. இத்தனைக்கும் பிறகு அக்கா ஒரு தடவை திரும்பவும் அந்த வீட்டுக்கே போனாள். பையனுக்குப் பரீட்சை, மாமனாருக்கு உடம்பு சரியில்லை, மாமாவும் அழுதுகொண்டே போன் பண்ணினார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அமைப்பில் யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. போகாதீங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. போறதுன்னா தயாரா போங்க என்று உட்கார்ந்து திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், பையனின் பிறப்புச் சான்றிதழ், சான்றிதழ்களின் நகல், ஒரு செட் துணி, கொஞ்சம் பணம் எல்லாம் ஒரு பையில் பக்கத்துத் தெரு தோழி வீட்டில். சண்டை தொடங்கினால் சமையல்கட்டுக்கும் பாத்ரூமுக்கும் போகாமல் வாசல் பக்கம் நகர வேண்டும். அக்கா போனில் ‘மாவு அரைச்சாச்சா’ என்று கேட்டால் எனக்கு அர்த்தம், உடனே கிளம்பி வா என்று. வெளியேறப் போவதை முன்கூட்டிச் சொல்லிச் சவால் விடக் கூடாது, பெண் விட்டுப் போகிறாள் என்று தெரியும் நேரம்தான் ஆபத்து உச்சத்தில் இருக்கும் நேரம். பிற்பாடு அவள் வெளியே வந்தபோது அந்தப் பைதான் கை கொடுத்தது. வந்தவளை, அப்பவே சொன்னோமே என்று ஒருவரும் கேட்கவில்லை, சாப்டீங்களா என்றுதான் கேட்டார்கள்.

காப்பகம் வசதியான இடம் என்று சொல்ல மாட்டேன். பாய், தலையணை, பொதுச் சமையல், முறை வைத்து வேலை. ஆனால் சுத்தம், கதவுக்கு உள்ளிருந்து தாழ்ப்பாள், ராத்திரி தூங்க முடிகிறது. வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு அரசு நடத்தும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பொதுவாக ஐந்து நாள் வரைதான் தங்கலாம், இங்கே நிலைமையைப் பார்த்து நீட்டிக்கிறார்கள்.

இப்போது குறைகள். பெரிய குறை, கொஞ்சம் வளர்ந்த ஆண் பிள்ளைகளைக் காப்பகத்தில் சேர்ப்பதில்லை. மற்ற பெண்களின் பாதுகாப்பு என்று காரணம் சொல்கிறார்கள், புரிகிறது, ஆனால் பதின்மூன்று வயது மகனை விட்டுவிட்டு எந்த அம்மா உள்ளே வருவாள்? எங்கள் பையன் சின்னவன், தப்பித்தோம். அன்று வராண்டாவில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெண் இதனாலேயே திரும்பிப் போனார், அவர் என்ன ஆனார் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். இதற்கு மாற்று ஏற்பாடு அவர்கள் கட்டாயம் செய்ய வேண்டும்.

அடுத்தது, ஆட்கள் நிற்பதில்லை. அக்காவின் கதையை முழுக்கக் கேட்டிருந்த கவுன்சிலர் பாதியில் வேலையை விட்டுவிட்டார், திட்ட நிதி முடிந்துவிட்டதாம். புதிதாக வந்தவரிடம் கழுத்து விஷயத்திலிருந்து அத்தனையும் மறுபடி சொல்ல வேண்டி வந்தது, அன்று வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை. கோப்பு இருக்கும்போது அதைப் படித்துவிட்டுத் தொடங்கியிருக்கலாம். மாடிப்படி செங்குத்து, லிஃப்ட் கிடையாது, அடிபட்ட காலோடு வருபவர்கள் சிரமப்படுகிறார்கள். சாயங்காலத்துக்கு மேல் போன் எடுக்க ஆள் இல்லை, அடி விழுவது பெரும்பாலும் அந்த நேரத்துக்கு மேல்தான்.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 2019–21 சுற்றில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நாடு முழுக்க வன்முறையைச் சந்தித்த பெண்களில் 77 சதவீதம் பேர் யாரிடமும் உதவி கேட்டதும் இல்லை, வாய் திறந்து சொன்னதும் இல்லை. இப்படிப்பட்ட ஒரு படியை ஏறி வருபவள் எத்தனையைத் தாண்டி வந்திருப்பாள் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதனால்தான் குறைகளையெல்லாம் சொல்லிவிட்டும் இவர்களிடம் போகச் சொல்கிறேன்.

போவதாக இருந்தால்: பணம் எதுவும் வாங்குவதில்லை, எங்களிடம் மனு டைப் செய்யக்கூட வாங்கவில்லை. காலையில் போனால் நிதானமாகப் பேசலாம். காயம் இருந்தால் தேதியோடு போட்டோ எடுத்து வேறு யாருடைய போனிலாவது வைத்துவிட்டுப் போங்கள். கல்யாணப் பத்திரிகை, போட்டோ, நகை வாங்கிய ரசீது கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், கிடைக்கவில்லை என்றால் அதற்காகத் தள்ளிப் போட வேண்டாம். உங்கள் மாவட்டத்தில் இப்படி யார் இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டால் பெண்கள் உதவி எண் 181-ல் கேட்கலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள், உயிருக்கே ஆபத்து என்ற நிலை வந்தால் அவசர எண் 112. பேசி முடித்ததும் அந்த எண்ணைப் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.