புதுச்சேரியா, தரங்கம்பாடியா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே கிளம்புகிறவர்களில் பெரும்பாலானோர் புதுச்சேரியோடு நின்றுவிடுகிறார்கள். இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் போனால் வரும் தரங்கம்பாடியைப் பள்ளிப் பாடத்தில் படித்ததோடு சரி. முன்னது பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர், பின்னது டேனிஷ்காரர்கள் ஆண்ட ஊர். விடுமுறைக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களிடம் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுவேன்: ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் தரங்கம்பாடி.

பழமையிலிருந்து தொடங்கலாம். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கியது 1620-இல். தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க்குடன் ஒப்பந்தம் செய்துகொண்ட ஆண்டும் அதுவே. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் காலூன்றியதோ 1670-களில். 1693-இல் டச்சுக்காரர்கள் அதைப் பறித்துக்கொண்டு 1699-இல் திருப்பித் தந்தார்கள். நூல் பிடித்தாற்போல் ஓடும் அந்தத் தெருக்களுக்குத் திட்டம் வரைந்தவர்கள் அந்த டச்சுக்காரர்கள்தான். பிறகு 1761-இல் ஆங்கிலேயர் நகரைக் கைப்பற்றித் தரைமட்டமாக்கினார்கள். மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியுமாக நாம் ஆசையாகப் படமெடுக்கும் வீடுகள் பெரும்பாலும் அந்த அழிவுக்குப் பின் எழுந்தவை.

ஆகவே, பிரெஞ்சு ஆளுநர் துப்ளெக்ஸ் நடமாடிய புதுச்சேரியை இன்று கண்ணால் பார்க்க வழியில்லை. ஆனால் படிக்கலாம். அவருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிக இடையாளராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பில் கப்பல் வரவு, சரக்குப் பேரம், அரண்மனைச் சூழ்ச்சி, 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்ட கொடுமை எல்லாம் தமிழில் பதிவாகியிருக்கின்றன. ஆங்கிலேயரிடம் நகரம் விழுவதற்குச் சில நாட்கள் முன்புதான் அவர் கண்மூடினார். அவர் வாழ்ந்த மாளிகை இன்றும் தமிழர் பகுதியில் நிற்கிறது. கடற்கரைச் சாலையில் கூடும் கூட்டத்தில் நூற்றில் ஒருவராவது அங்கே எட்டிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆதங்கம். பிரெஞ்சுப் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலுக்கு மேற்கே இருப்பதாலேயே ஒரு வரலாறு இரண்டாம்பட்சமாகிவிடக் கூடாது.

பாரதிக்காகப் போகிறவர்களுக்கு என் வாதம் எதுவும் தேவையில்லை, புதுச்சேரியேதான். 1908 முதல் 1918 வரை அவர் அங்கே இருந்தார். பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் பிறந்த ஊர். அவர் குடியிருந்த ஈசுவரன் தர்மராஜா கோயில் தெரு வீடும், அதே ஊரில் பிறந்த பாரதிதாசனின் வீடும் இன்று அருங்காட்சியகங்கள். இரண்டையும் ஒரே காலையில் நடந்தே பார்த்துவிடலாம். அரவிந்தர் ஆசிரமம், மணக்குள விநாயகர் கோயில், காந்தி சிலை ஆகியவற்றைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். அரிக்கமேட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமானியருடன் நடந்த வணிகத்துக்குச் சான்று காட்டிய இடம் அது. இன்று அங்கே கண்ணுக்குத் தெரிவது தோப்பும் சில செங்கல் இடிபாடுகளும்தான். அதை அறிந்தே போக வேண்டும்.

தரங்கம்பாடியின் பக்கம் இவ்வளவு நீளமான பட்டியல் கிடையாது. 1792-இல் கட்டிய வெள்ளை நுழைவாயிலில் தொடங்கி ராஜ வீதியில் நடந்தால் சீயோன் ஆலயம், புதிய எருசலேம் ஆலயம், முடிவில் கோட்டை. வேகமாக நடப்பவர் கால் மணி நேரத்தில் முடித்துவிடுவார். அப்படி முடித்தவர்கள்தான் ‘அங்கே ஒன்றுமே இல்லை’ என்று சொல்கிறார்கள்.

அங்கே என்ன இருக்கிறது என்பதற்கு ஒரு மனிதரின் கதை போதும். 1706 ஜூலையில் ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு இந்தக் கரையில் இறங்கினார். சிறுவர்களோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்பார்கள். சில ஆண்டுகளில் அச்சு இயந்திரம் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை, காகிதத்தைத் தின்றன, காகிதமோ பஞ்சம். ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பக்கத்துப் பொறையாறில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் அங்கே தங்கிவிட்டது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. தமிழின் முதல் அச்சு நூல் இங்கே வந்தது என்று சிலர் சொல்வது தவறு. 1578-லேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சாகிவிட்டது. ஆனால் தமிழ் அச்சுத் தொழில் ஓர் ஊரில் வேர்பிடித்துத் தொடர்ந்தது என்றால் அது தரங்கம்பாடியில்தான். 1719-இல், நாற்பது வயதுகூட நிரம்பாமல் சீகன்பால்கு இறந்தார். அவர் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தின் உள்ளேயே கல்லறை இருக்கிறது. தினமும் அச்சடித்த தமிழை வாசிக்கும் எனக்கு அந்தக் கல்லின் முன் நிற்கும்போது தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இனி கடல். இரண்டு ஊர்களும் பெரிதும் வேறுபடுவது இங்கேதான். புதுச்சேரியின் நகரக் கரையில் முன்பு அகலமான மணல் இருந்தது. 1980-களின் இறுதியில் தெற்கே துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் கட்டியதும், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கேயே தடைபட்டது. நகரக் கரை கரைந்து கருங்கற்கள் மட்டும் மிஞ்சின. 2004 ஆழிப்பேரலையில் நகரின் நடுப்பகுதியைக் காத்ததும் அந்தக் கற்கள்தாம். பின்னர் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்ததில் கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. மாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவதால் கடற்கரைச் சாலை முழுவதும் நடப்பவர்களுக்கே சொந்தம். முதியவர்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல நடைபாதையை இந்தக் கரையில் நான் பார்த்ததில்லை.

தரங்கம்பாடியில் அந்த வசதி கிடையாது. கோட்டைக்குச் சற்று வடக்கே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதன் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. தரங்கம்பாடி என்றால் ‘அலை பாடும் ஊர்’ என்ற விளக்கம் இனிக்கிறதுதான். எனக்கு அந்தக் கல்வெட்டுப் பெயர்மேல்தான் மதிப்பு. அலை பின்வாங்கும்போது தடுப்புக் கற்களின் இடுக்கில் நீர் கலகலவென்று இறங்கும் ஒலி கோயில் வாசல் வரை கேட்கும். 2004-இல் இதே கடல் இங்கே மீனவர் குடும்பங்களைச் சூறையாடியதை மறந்துவிட்டு அந்த ஒலியை ரசிக்க முடிவதில்லை.

தங்குவதற்கும் சாப்பிடுவதற்கும் புதுச்சேரியோடு போட்டி போட எந்த ஊராலும் முடியாது. தரங்கம்பாடியில் விடுதிகள் சில. நல்ல சாப்பாட்டுக்குப் பொறையாறுக்கோ காரைக்காலுக்கோ போக நேரலாம். ரயிலில் வருபவர்கள் மயிலாடுதுறையில் இறங்கி பஸ் பிடிக்கலாம். திருக்கடையூரும் பூம்புகாரும் அருகிலேயே இருக்கின்றன. புதுச்சேரிக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள், சனி ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். தரங்கம்பாடிக்கு மாலையில் போய்ச் சேர்ந்து, இரவு தங்கி, விடியலில் கோட்டைக்கு முன்னால் போய் நில்லுங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயில் சுட்டெரிக்கும். அங்கே ஒதுங்க நிழலும் குறைவு.