நேரடி விமானம் வந்த பிறகு ஊருக்குப் போனேன்

போன முறை ஊருக்குப் போனபோது இரண்டு விமானம், இரண்டும் தனித்தனி டிக்கெட். நடுவில் இறங்கி, குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டிகளை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருந்தது. முதல் விமானம் தாமதமானதில் அடுத்தது போய்விட்டது. ஒரே டிக்கெட்டாக இருந்திருந்தால் விமான நிறுவனமே வேறு விமானத்தில் ஏற்றிவிட்டிருப்பார்கள். அம்மா ஒரு பகல் முழுக்க வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாராம்.

இந்த முறை நேரடி விமானம். வாரத்துக்கு மூன்று நாள்தான் என்றாலும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது உடன் வந்தவர்களைப் பார்த்தபோது புரிந்தது. கூட வேலை செய்யும் நண்பரைப் பல வருடமாகக் கூப்பிட்டிருக்கிறேன். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நடுராத்திரியில் விமானம் மாற முடியாது என்று தள்ளிப்போட்டவர், இந்த முறை குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். முன் வரிசையில் முதுகுப்பையோடு இரண்டு இளைஞர்கள். அங்கே அவர்களுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை. நேராகப் போக முடிகிறது என்பதற்காகவே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

இப்படி ஒரு புது வழித்தடத்தைத் தொடக்கத்தில் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் எங்களைப் போன்றவர்கள்தான். சுற்றுலாப் பயணி இந்த வருடம் ஓர் இடம், அடுத்த வருடம் வேறோர் இடம் என்று போவார். நாங்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வந்தே தீருவோம். அந்த நம்பிக்கையில் ஓடும் விமானத்தில் மிஞ்சும் இருக்கைகள்தான் புதியவர்களைக் கொண்டுவருகின்றன.

இருக்கை குறைந்தால் கூட்டமும் குறைகிறது. ஐஸ்லாந்துக்கு 2010-இல் ஏறத்தாழ 5 லட்சம் பேர் போனார்கள். 2018-இல் 23 லட்சம். 2019 மார்ச்சில் அந்நாட்டின் மலிவு விலை விமான நிறுவனமான வாவ் ஏர் மூடப்பட்டது, அந்த வருடம் எண்ணிக்கை சுமார் 20 லட்சத்துக்கு இறங்கியது. ஓடுபாதை மட்டும் போட்டாலும் போதாது. அட்லாண்டிக் கடலில் உள்ள செயின்ட் ஹெலினா தீவில் விமான நிலையம் கட்டிய பிறகு, காற்றின் வேகமும் திசையும் சட்டெனத் திரும்புவதால் பெரிய விமானங்கள் இறங்க முடியவில்லை. 2017-இல் வாரம் ஒரு சிறிய விமானத்தோடுதான் பயணிகள் சேவை தொடங்கியது. எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை.

எங்கள் ஊரில் சிக்கல் வாசலுக்கு வெளியே. உள்ளே எல்லாம் நன்றாக இருந்தது. குடிநுழைவு இருபது நிமிடத்தில் முடிந்தது. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பாட்டியை ஊழியர் ஒருவர் மகன் கையில் ஒப்படைத்துவிட்டே திரும்பினார். மனதாரப் பாராட்ட வேண்டும்.

வெளியே வந்தால் மணி இரவு பதினொன்றரை. கடைசி பஸ் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. தகவல் மையம் பூட்டிக் கிடந்தது. எங்களை அழைத்துப்போகத் தம்பி வந்திருந்தான். அந்த இளைஞர்கள் போனை வைத்துக்கொண்டு விழித்தார்கள். சிம் கார்டு விற்கும் இடமும் மூடியாயிற்று. கடைசியில் எங்கள் வண்டியிலேயே நெருக்கி உட்காரவைத்து, அவர்கள் தங்குமிடத்தில் இறக்கிவிட்டோம். விமான அட்டவணை தயாரித்தவர்களும் பஸ் அட்டவணை தயாரித்தவர்களும் ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது.

திரும்பும் நாளில் கருத்துப் படிவம் கேட்டு வாங்கினேன். பாட்டிக்கு உதவிய ஊழியரைப் பற்றி முதலில் எழுதினேன். அப்புறம், அந்த மூன்று இரவுகளில் மட்டுமாவது விமானம் இறங்கி ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு பஸ் விடுங்கள், தாமதமானால் காத்திருக்கச் சொல்லுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன்.